முன்பக்கத்துப் பங்கு

"என் பங்குல காலு வெச்ச, நான் பொல்லாதவளாயிடுவேன், ஆமா."

அடைக்கலமேரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வெளியே கொட்டுகிற மழையில், தலையில் மூட்டையோடு அவள் அண்ணன் பாஸ்கல். பின்னால் அவன் பெண்சாதி ஃப்ளோரா, இடுப்பில் கடைக்குட்டி, முந்தானையைப் பிடித்தபடி இன்னும் இரண்டு.

காலையில்தான் கடல் வந்து வீட்டின் முன்பாதியை வாரிக்கொண்டு போயிருந்தது. ஓட்டுக் கூடம், இரண்டு அறை எல்லாம் போய்விட்டது. பின்பாதி மட்டும் நிற்கிறது. அது அடைக்கலமேரியின் பங்கு.

"ரெண்டே நாளு அடைக்கலம். மழை வுட்டதும் போயிடறோம். புள்ளைங்க நடுங்குதுங்க."

"ஆறு வருசத்துக்கு முன்னாடி என் புள்ளைங்க நடுங்கலியா? அன்னிக்கி முன்பக்கம் எனக்குத்தான்னு தொண்டை கிழியக் கத்துனியே."

கத்தினான்தான். ராயபுரம் கடலோரத்துக்கே தெரியும்.

மகாயுத்தம் முடிந்த வருஷம் அது. அப்பன் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ரயில்வேயில் இருந்த புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பெண்களோடு வியாசர்பாடியிலிருந்து வந்து பங்கு கேட்டாள் அடைக்கலமேரி. வேதக்காரக் குடும்பம், பெண்ணுக்கும் சரிபாதி உண்டு. பாஸ்கல் அதற்கு மறுப்பே சொல்லவில்லை. எந்தப் பாதி யாருக்கு என்பதில்தான் தகராறு.

அவள் கடலைப் பார்த்த முன்பக்கத்தைக் கேட்டாள். கரையேறுகிற மீன்காரர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்றால் பிழைத்துக்கொள்வாள். இதில் என்ன தப்பு?

கோயில் உபதேசியார் அருள்பிரகாசம்தான் மத்தியஸ்தம். "தாலியறுத்து வந்து நிக்கிது, வுட்டுக் குடுப்பா" என்றார்.

"மூத்தவன் நானு. முன்பக்கம் எனக்கு. புகை புடிச்ச பின்கட்டு போதும் அதுக்கு" என்றான் பாஸ்கல். கூடப்பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? தெருவே காறித் துப்பியது.

மறுநாள் உபதேசியாரும் பல்டி அடித்து, பாஸ்கல் கேட்டபடியே பத்திரம் எழுதிவிட்டார். அவரும் வாங்கித் தின்றுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு நடுவில் எழுப்பிய சுவர்தான். அண்ணன் தங்கைக்குள் அப்புறம் பேச்சே இல்லை. அவள் ஆப்பக்கூடையைத் தலையில் சுமந்துபோய் விற்று, இரண்டு பெண்களையும் ஆளாக்கினாள். அந்தச் சுமை ஒவ்வொரு நாளும் அண்ணனைத் திட்டவைத்தது.

இப்போது அதற்கெல்லாம் சேர்த்துத்தான் வாசலை மறிக்கிறாள்.

ஃப்ளோரா வாயைத் திறந்தாள். "இன்னும் எத்தினி நாளுக்கு மாமா மறைப்ப? நானாவது..."

"நீ சும்மா இரு" என்று அடக்கினான் பாஸ்கல். மூட்டையைச் சரிபண்ணிக்கொண்டான். "சரி அடைக்கலம். கதவைச் சாத்திக்கோ, சாரல் உள்ளே அடிக்குது."

அவ்வளவுதான். நால்வரையும் கூட்டிக்கொண்டு எண்ணூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் குடையும் கையுமாக உபதேசியார் ஓடிவந்தார்.

"பாஸ்கல் எங்கம்மா?"

"போயிட்டான். உள்ளே வுடல." அவள் முகத்தில் ஒரு திருப்தி. "ஆண்டவரு பார்த்துக்கினுதான் கீறாரு உபதேசியாரே. ஆசைப்பட்டு அடிச்சுப் புடுங்குன முன்பக்கத்தை அவரே எடுத்துக்கினாரு."

உபதேசியார் குடையை மடக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார்.

"முன்பக்கம் விழுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நம்ம கோயில் ராயப்பர் மேல சத்தியம் வாங்கியிருந்தான். இப்பதான் விழுந்துடுச்சே, சொல்லிடறேன். கடலு வருசத்துக்கு வருசம் உள்ளே வந்துகினு இருக்கும்மா. நீ வியாசர்பாடியில வாழ்ந்தவ, உனக்குத் தெரியாது. அவன் மாசாமாசம் அமாவாசைக்கு, அலை வர்ற எடத்துலேர்ந்து வாசப்படி வரைக்கும் காலால அளந்து பார்ப்பான். முன்பக்கம் அஞ்சாறு வருசம் தாண்டாதுன்னு, பத்திரம் எழுதறதுக்கு மொத நாள் ராத்திரியே என்னாண்ட வந்து சொல்லிட்டான்."

அடைக்கலமேரி எண்ணூர் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்படீன்னா என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? நான் வேத்து மனுசியா?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். அதுக்கு அவன் சொன்னான்: 'தங்கச்சியாண்ட சொன்னா, நீ புள்ளகுட்டிக்காரன், பின்னால போய் இருன்னு சொல்லிட்டு, அதுவே முன்பக்கத்துல போய்க் குந்திக்கும் உபதேசியாரே. என்னைத் திட்டிக்கினாவது பத்திரமா இருக்கட்டும்.'"