ஒன்பது இஞ்சுச் சுவர்

தம்பியோடு பேச்சு முறிந்ததுமே உடையார்பாளையத்து வைரக்கண்ணு இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டார்.

இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் மகள் தென்றல் சாப்பிடும்போது சொன்னாள்: “தடுப்பு ரெண்டு மூணு அணு கனந்தான்னா, எலக்ட்ரான் ஏறிக் குதிக்காமலே அந்தப் பக்கம் போயிடும்ப்பா.”

“மானங்கெட்டது! நம்ம சுவரு ஒம்பது இஞ்சு. ஒரு பருக்கை தாண்டியிருக்குமா?” என்றவர், கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டார். “கிருஷ்ணம்மா, இன்னிக்குத்தான் உன் கைமணம் தெரியுது!”

மனைவி வாய் திறக்குமுன் சுவருக்கு அப்பாலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது: “அக்கா, மாமா கெளம்பிட்டாங்களா? குழம்புச் சட்டியக் குடுங்க!”

வைரக்கண்ணு தட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மகளைக் கேட்டார்: “வந்த எலக்ட்ரான் அதே வழியில திரும்பிப் போவுமா?”

“போவும்ப்பா.”

மனைவி பக்கம் திரும்பினார். “அப்ப சட்டி நெறைய முந்திரி போட்டு அனுப்பு. வெறுஞ்சட்டியத் திருப்பிக் குடுக்குற குடும்பமா நம்மது?”