இன்ஷூரன்ஸ்காரர் கேட்ட கேள்விகள்

"இன்னா கேட்டாலும் ஒரே பதில்தான். 'சும்மாதான் கீறேன்.' புரிஞ்சுதா?"

சுத்துக்கேணியில் கரும்பு வெட்டும் அய்யனார், பொழுது விடிந்ததிலிருந்து மனைவி காசம்மாளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன், பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போன காசம்மாளைச் சேதராப்பட்டு லோடு வண்டி ஒன்று இடித்துத் தள்ளியது. வலது முழங்கையில் பிளேட் வைத்தார்கள். தப்பு வண்டிக்காரர் மேல். நஷ்டஈடு தரவேண்டியது அவர் வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி. கோர்ட்டில் மனு போட்டாயிற்று. இன்று கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறார்.

பணம் வராவிட்டால் கறவை மாட்டை விற்றுத்தான் அடுத்த ஆபரேஷன். அது காசம்மாள் கன்றிலிருந்து வளர்த்த மாடு.

"வேல செய்யறேன்னு ஒரு வார்த்த வாய வுட்டுடாத. 'கை நல்லாத்தான் கீது'ன்னு எழுதிக்கினு போயிடுவான். டீக்கடைல பாக்யராஜ் சொன்னான். அவன் மச்சானை அப்டித்தான் கவுத்தாங்களாம்."

"அடிபடறதுக்கு முன்னால இன்னா செஞ்சேன்னு கேட்டா?"

"அப்பவும் சும்மாதான். நீ இன்னா ஆபீசுக்கா போன?"

காசம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

பத்து மணிக்குக் கம்பெனி ஆள் சார்லஸ் பைக்கில் வந்து இறங்கினார். சிரிக்காத முகம், தடித்த நோட்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் பேனாவைத் திறந்தார்.

"விபத்துக்கு முன்னாடி என்ன வேலை பண்ணிக்கிட்டிருந்தீங்கம்மா?"

அய்யனார் முந்திக்கொண்டார். "வேலையா? வூட்ல சும்மாதான் சார். சாப்டறது, டிவி பாக்கறது, தூங்கறது. நான் ஒருத்தன்தான் சார் சம்பாரிச்சுப் போடறேன்."

பொய்க்குக் காவல் நிற்பது எளிய காரியமன்று. வாய்க்குப் பூட்டுப் போடலாம். ரோஷத்துக்குப் பூட்டு இதுவரை யாரும் செய்யவில்லை.

"யாருய்யா டிவி பாத்தது?" காசம்மாள் நிமிர்ந்துவிட்டாள். "சார், நீங்க எழுதிக்கங்க. நாலு மணிக்கு எழுந்தா சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்து சோறாக்குவேன். இவருக்குக் கட்டிக் குடுத்து, மாமனாரைக் குளிப்பாட்டி வுட்டு, புல்லறுக்கப் போவேன். நடவு வந்தா நடவு, களை வந்தா களை..."

அய்யனார் இருமினார். கண்ணை உருட்டினார். மறுபடியும் இருமினார்.

"அய்யா, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார் சார்லஸ், தலை நிமிராமல். "நீங்க சொல்லுங்கம்மா. புல்லு எவ்ளோ தூரத்துல இருந்து?"

"ஏரிக்கரையில இருந்து சார். தலையிலதான்."

"மாமனாரைத் தூக்கி உக்கார வைக்கிறது?"

"நான்தான்."

"இப்போ இதெல்லாம் யார் செய்யறாங்க?"

"சோறாக்க என் தங்கச்சி காட்டேரிக்குப்பத்துல இருந்து வருது. புல்லு வெலைக்கு வாங்கறோம். பால் கறக்க இவருதான் குந்தறாரு. மாடு ஒரு ஒதை வுட்டா சொம்பு ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சார்லஸ் சிரிக்கவில்லை, எழுதினார். ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கமும் பாதி நிரம்பியது.

அய்யனார் தலையில் கை வைத்துக்கொண்டார். மாடு போயிற்று! இந்த வாயாலேயே போயிற்று!

"சார், அதெல்லாம் எழுதாதீங்க சார்! இவ ஒரு துரும்பைக்கூட கிள்ளிப் போட்டதில்ல. வேணும்னா நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்!"

சார்லஸ் பேனாவை மூடினார்.

"தயவுசெஞ்சு போட்டுடாதீங்க அய்யா. மனுவுல மருந்துச் செலவும் ஆட்டோ செலவும்தான் கேட்டிருக்கீங்க. அம்மாவுக்கு வேலை 'இல்லை'ன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. வீட்டு வேலையும் வேலைதான்னு கோர்ட்டே சொல்லுது. அது நின்னுபோன நஷ்டத்தையும் கம்பெனிதான் குடுக்கணும். சேர்க்கச் சொல்லி எழுதத்தான் இவ்ளோ கேள்வி கேட்டேன்."

அய்யனார் திறந்த வாயை மூடவில்லை. "கம்பெனி ஆளு... நீங்களேவா?"

"வண்டிக்காரர் பிரீமியம் கட்டறது எதுக்குங்க? அவர் தப்பால அடிபட்டவங்க தெருவுல நிக்கக் கூடாதுன்னுதானே? கேக்கத் தெரியாதவங்களுக்குக் குறைச்சுக் குடுத்தா, அது சாமர்த்தியம் இல்ல, திருட்டு. ஒவ்வொரு வீட்லயும் ஆம்பளைங்க 'சும்மா'ன்னுதான் சொல்றாங்க. அதனாலதான் நான் அம்மாங்களையே கேட்டுக்கறேன்."

"அப்ப மாட்டை விக்க வேணாமா சார்?" காசம்மாளின் குரல் துள்ளியது.

"வேணாம்மா. வேற எதாச்சும் வுட்டுப்போச்சா?"

"அவ்ளோதான் சார்."

சார்லஸ் எழுந்தார். வாசல்வரை போய்விட்டார்.

"சார்!"

அய்யனார் பின்னாலேயே ஓடினார். வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். மனைவி பக்கம் திரும்பாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஒண்ணு வுட்டுப்போச்சு சார். போன வருசம் நான் காமாலைல படுத்தப்ப, என் கத்தியை எடுத்துக்கினு மூணு மாசம் கரும்பு வெட்டப் போனதும் இவதான். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு இருந்தேன். அதையும் எழுதிக்குங்க."