நெற்றியில் ஊதிய காற்று

இயக்குநர் நத்தர்ஷா உறங்கும்போது வரும் கெட்ட கனவுகள் அப்படியே படமாகப் பதிவாகும். அவற்றைப் பார்த்து அலறுவதற்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள். பதிவின்போது அவரை யாரும் தொடக்கூடாது. மனைவி ஜுலைகா தொடவில்லை. அவர் முனகுவதைப் பொறுக்கமாட்டாமல், பயம் விலக வேதவரி ஓதி நெற்றியில் ஊதினாள், அவ்வளவுதான்.

முதல் காட்சியன்று, திரையில் முகமில்லாத கூட்டமொன்று அவரைத் துரத்தியது. திடீரென்று இளங்காற்று வீச, துரத்தியவர்கள் எல்லோருக்கும் ஜுலைகாவின் முகம் வந்தது. ஓடியவர் நின்று சிரித்தார். அரங்கில் ஒருவரும் அலறவில்லை.

"படத்தைக் கெடுத்துட்டேனா மச்சான்?" என்றாள் ஜுலைகா, கண் கலங்க.

"கெடுத்துட்டே புள்ள. ஒரு ஜுலைகாவையே சமாளிக்க முடியல, இதுல ஊர்வலமா வர்றே," என்றார் அவர்.

அடுத்த பதிவுக்குப் படுத்தபோது, படம் ஓடாதென்று தெரிந்தும், ஊதச் சொல்லி அவரே நெற்றியைக் காட்டினார்.