நைனாவுக்குப் பரலோகம்
வரதய்யபாளையத்து மதிய வெயிலில் தகரக் கூரை சடசடக்கிறது. செத்துக் கிடக்கும் நைனாவைக் காஞ்சனா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தலைமாட்டில் தம்பி ரமணா, மடியில் பைபிள். "போன வாரந்தான் ஞானஸ்நானம் வாங்கினாரு. பாவமெல்லாம் மன்னிச்சாச்சுக்கா. நேரா பரலோகந்தான்." துணி நின்றுவிடுகிறது. "எமன் இவர எண்ணெய்ச் சட்டியில போடுவான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. இவரு அடி தாங்காம அம்மா கெணத்துல வுழுந்தாளே, அவ எங்க இருக்கா?" ரமணா பைபிளை மூடுகிறான். "தற்கொலை பாவம்க்கா," என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். வெளியே ஆட்டோவிலிருந்து சவப்பெட்டியை இறக்குகிறார்கள். மரம் தரையில் உரசுகிறது. காஞ்சனா துணியைப் பிழிந்து நைனாவின் நெற்றியைத் துடைக்கிறாள், மார்பையும் காலையும் துடைக்கிறாள். அம்மாவை அடித்த வலது கையை மட்டும் தொடாமல் எழுந்துகொள்கிறாள்.