விலைச்சீட்டு

"எங்கட அம்மனுக்கு விலைச்சீட்டோ?"

லண்டன் ஸ்ட்ரெதமில் அந்தப் பழஞ்சாமான் கடையே அதிரும்படி சிவானந்தன் கத்தினார்.

"மெல்லமாக் கதையுங்கோப்பா," என்று மனைவி கலாவதி அவரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கேட்கவில்லை. கடைக்காரரின் பெயர் துண்டே, நைஜீரியாக்காரர். அவருக்கு விளங்க வேண்டுமென்று ஆங்கிலத்தில் முதலிலிருந்து தொடங்கினார். இது ஏதோ ஒரு கோயிலில் களவெடுத்த சிலை. மடிப்புகளில் சந்தனம்கூட இன்னும் காய்ந்து கிடக்கிறது. ஒரு சனம் கும்பிட்ட தெய்வத்தை விற்றுப் பிழைப்பவனுக்குத் தொண்டைக்குள் சோறு எப்படி இறங்கும்?

துண்டே தலைகுனிந்தார். இறந்துபோன ஒருவரின் வீட்டைக் காலிசெய்தபோது மற்றச் சாமான்களோடு வந்த சிலை, தெய்வமென்று தெரியாது என்றார். காசே வேண்டாம், நாளைக்குத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி விலாசம் வாங்கிக்கொண்டார்.

"பாத்தீரோ, மானமுள்ள மனுசன்," என்றார் சிவானந்தன், திரும்பி வரும்போது.

மறுநாள் அம்மனைப் புதுத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு, மனோர் பார்க்கில் சிவானந்தனின் கடைக்குத் துண்டே வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சுவர் முழுக்க மேற்கு ஆபிரிக்க முகமூடிகள். தட்டு முழுக்க மரத் தெய்வங்கள். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு.

ஒரு சிலையின் முன்னால் துண்டே முழந்தாளிட்டார். "இவள் எங்கள் ஊர்த் தாய்," என்றவரின் கண்கள் நிறைந்து வழிந்தன.

கலாவதிக்கு வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய் அந்தச் சிலையின் விலைச்சீட்டைக் கழற்றினாள்.

சிவானந்தன் அவளின் காதுக்குள் சொன்னார்: "ஓம், கழற்றும். ஆள் அழுறார். இன்னும் கூட்டிச் சொல்லலாம்."