ஈரம் காயாத திரௌபதி

பென்னாகரம் கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதும் கவுஸ் பாஷா, முதல்முறையாக எண்ணெய் வண்ணத்தில் ஒரு முகம் தீட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். பார்த்து வரைவது ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை. கூத்தில் திரௌபதி வேடம் கட்டும் மாயவன் அதில் கூந்தல் அவிழ்ந்து, வாய் திறந்து கதறுகிறார். அந்த வாய் சரியாக அமையவே பத்து நாள் ஆகியிருக்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் மதிய வெயிலில், அவன் தீட்டிய சிவப்புச் சேலை ஈரமாக மின்னுகிறது. "வாங்கண்ணே, உங்களத்தான் வரைஞ்சிருக்கேன்" என்று படத்தைத் திருப்புகிறான். படியேறிய மாயவன் அப்படியே நின்றுவிடுகிறார். கையிலிருந்த வெற்றிலைப் பொட்டலம் நழுவி விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. "இது நானில்ல பாய். எந்தங்கச்சி காவேரி." கவுஸ் பாஷாவின் தூரிகை அந்தரத்தில் நிற்கிறது. காவேரி என்று ஒருத்தி இருந்ததே அவனுக்குத் தெரியாது. "செத்து பதினோரு வருசமாச்சுங்க. அடுப்புல சேல பத்திக்கிச்சு. அன்னிக்கி நான் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். வந்து பாக்கறப்ப மொகமே இல்ல." மாயவனின் விரல் படத்தின் கன்னத்தருகே போய், தொடாமல் திரும்புகிறது. வெளியே ஒகேனக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. "துணி போட்டு மூடிரட்டுங்களாண்ணே?" "வேணாங்க. வாய மட்டும் மூடிடுங்க. கத்தறா பாய்." கவுஸ் பாஷா கந்தல் துணியை வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் நனைக்கிறான். மூச்சை அடக்கிக்கொண்டு, பத்து நாள் பாடுபட்டுத் தீட்டிய அந்த வாயை மெல்லத் துடைக்கிறான்.