இடப்பக்கம் திமிங்கிலம்

"தண்ணியில ஆரஞ்சு நிறத்துல எது தெரிஞ்சாலும் கத்துங்க. முதல்ல பாக்குறவங்களுக்கு ஒரு பாட்டில் ரம்!"

ஒலிபெருக்கியில் என் குரலை என்னாலேயே சகிக்க முடியவில்லை. அவ்வளவு உற்சாகம்.

படகில் இருபத்தெட்டுப் பயணிகள். எல்லாரும் திமிங்கிலம் பார்க்க வந்தவர்கள். ஆரஞ்சு மிதவை இருக்கிற இடத்துக்குத்தான் திமிங்கிலம் வரும் என்று வாய் கூசாமல் புளுகியிருந்தேன்.

நான் தேடியது என் தம்பி லியாண்டரை.

நேற்றுக் காலை காட் மீன் பிடிக்கப் போனவன். நண்பகலுக்குப் பிறகு அவன் வானொலி பேசவில்லை. மாலையில் அவன் படகு மட்டும் தெற்கே கவிழ்ந்து கிடந்தது.

ஆரஞ்சு உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்தான். எங்கள் நியூஃபவுண்ட்லாந்து கடலில் அதை வைத்து ஒரு நாள் தாங்கலாம் என்பார்கள். அந்த ஒரு நாள் இன்று பன்னிரண்டு மணியோடு முடிகிறது.

ஊர்ப் படகுகள் எல்லாம் தெற்கே போய்விட்டன. வடக்கே இழுக்கும் நீரோட்டமும் உண்டு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"ஃபிலோ, நீ பேசாம வீட்ல போய் இரு" என்றார்கள்.

எப்படி இருப்பேன்? என்னிடம் ஒரு படகு இருந்தது. இருபத்தெட்டு ஜோடிக் கண்கள் இருந்தன. உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து இறங்கிவிடுவார்கள். சொல்லவில்லை.

வழக்கமாக, வந்தவர்களைக் காட் மீனுக்கு முத்தம் கொடுக்க வைத்து, ரம் ஊற்றி, எங்கள் ஊர்க்காரர்களாக ஆக்குகிற கூத்து ஒன்று நடக்கும். இன்று மீன் ஐஸ் பெட்டியிலேயே கிடந்தது.

பதினொன்று பத்துக்குத் திமிங்கிலம் எழுந்தது. இடப்பக்கம்.

எல்லாரும் அந்தப் பக்கமே ஓடினார்கள். படகு சாய்ந்தது.

"கிட்ட போங்க கேப்டன், கிட்ட போங்க!"

கிட்டே போக வேண்டுமானால் படகை இடப்பக்கம் திருப்ப வேண்டும். அது சூரியனுக்கு எதிர்த் திசை. எங்கள் துறைமுகத்தில் எந்தப் படகும் அப்படித் திரும்பாது. திரும்பினால் ஆள் போய்விடும் என்பது எங்கள் பயம். சூரியன் சுற்றுகிற பக்கம், வலப்பக்கம்தான் திரும்புவோம். தம்பி தண்ணீரில் கிடக்கிற நாளில் நான் மாற்றித் திருப்புவேனா?

சுக்கானை வலப்பக்கம் திருப்பினேன். பின்னாலிருந்து வசவு கேட்டது.

"இந்தப் பக்கம் பாருங்க, தயவுசெஞ்சு இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினேன். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் கேமராவுக்குள் இருந்தது.

நான் மட்டும் வலப்பக்கத்துக் கடலையே வெறித்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திமிங்கிலத்தை வெறுத்தேன்.

அடுத்த நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. தண்ணீர், தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி நீலம்.

டொராண்டோவிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருத்தி, மஞ்சள் மழைக்கோட்டுக்காரி, சுக்கான் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கேமராவை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

திமிங்கிலத்தின் வால், சொட்டுகிற தண்ணீரோடு. அழகான படம்தான்.

"வாலைப் பாக்காதீங்க கேப்டன், அதுக்குப் பின்னால பாருங்க. இப்பதான் கவனிச்சேன்."

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வாலுக்கும் தூரத்துப் பாறை ஒன்றுக்கும் நடுவே ஆரஞ்சாக ஒரு புள்ளி. இன்னும் பெரிதாக்கினாள்.

புள்ளிக்கு ஒரு கை இருந்தது. அது மேலே தூக்கியிருந்தது.

"ரம் எனக்குத்தானே?" என்றாள்.

சுக்கானுக்கு மேலிருந்த கடிகாரத்தில் பன்னிரண்டாக ஒன்பது நிமிடம்.

தெற்கே போன படகுகளுக்கு வானொலியில் தம்பி பெயரைக் கத்திக்கொண்டே, சுக்கானை இடப்பக்கம் ஒடித்தேன்.